டெக்சாஸுக்குக் குடிவருகிறீர்களா? செலவையும் வெயிலையும் சமாளிக்க ஒரு வழிகாட்டி

மாநில வருமான வரி கிடையாது, வீடு மலிவு, வேலைக்குப் பஞ்சமில்லை. டெக்சாஸுக்கு வரச்சொல்லி அழைக்கும் எல்லா நண்பர்களும் இந்த மூன்றையும் தவறாமல் சொல்வார்கள். மூன்றும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வருமான வரியாக எடுக்காத பணத்தை இந்த மாநிலம் சொத்து வரியாக எடுத்துக்கொள்ளும். வீட்டுக் காப்பீடு, கோடைக்கால கரண்ட் பில், டோல் எல்லாம் தனி. நம்மை அழைப்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

நியூஜெர்சியிலிருந்து டாலஸின் வடக்குப் புறநகருக்கு வந்த பிறகு, இவற்றை ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கீழே இருப்பது எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை. இதில் முன்பின் மாறினால் சில இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

1. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் கணக்குப் போடுங்கள்

வாடகைக்கு இருக்கப் போகிறீர்கள் என்றால் வருமான வரி இல்லாதது நேரடி லாபம். வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம், கல்லூரி மாவட்டம் என்று ஆளுக்கொரு விகிதம் போட்டுச் சொத்து வரி வசூலிப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் நல்ல புறநகரில் 1.6 சதவீதத்துக்குப் பக்கத்தில் தொடங்கும். புதிதாக உருவாகும் சில குடியிருப்புகளில் 3 சதவீதத்தை நெருங்கும்.

5 லட்சம் டாலர் வீடு, மொத்த விகிதம் 2.2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகைகளுக்கு முன்னால் ஆண்டுக்கு 11,000 டாலர், அதாவது மாதம் 900 டாலருக்கு மேல். கடன் முழுவதும் அடைந்த பிறகும் இது நிற்காது. கூடவே கடையில் வாங்கும் பொருளுக்கு 8.25 சதவீதம் வரை விற்பனை வரி உண்டு, மளிகைச் சாமானுக்குப் பெரும்பாலும் இல்லை. கலிபோர்னியாவிலிருந்து வருகிறவருக்கு அப்போதும் லாபமாக இருக்கலாம். வருமான வரி குறைவாக உள்ள மாநிலத்திலிருந்து வருகிறவர் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும்.

2. முதல் வருடம் வாடகைக்கு இருங்கள்

வந்த மாதமே வீடு வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கோடையையும் ஒரு ஆலங்கட்டி மழைக் காலத்தையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அபார்ட்மென்டுக்கு வாடகையைப்போல் 3 மடங்கு மாத வருமானம் காட்டச் சொல்வார்கள். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை தேவை. இந்தியாவிலிருந்து நேரடியாக வருகிறவர்களுக்கு கிரெடிட் ஸ்கோர் இருக்காது. அதற்குக் கூடுதல் டெபாசிட் கேட்பார்கள், பேசிப் பார்க்கலாம். "ஆறு வாரம் இலவசம்" என்று விளம்பரம் இருந்தால் அடுத்த ஆண்டு வாடகை எந்தத் தொகையிலிருந்து ஏறும் என்று கேளுங்கள். சலுகையைக் கழிக்காத முழு வாடகையிலிருந்துதான் ஏற்றுவார்கள். தண்ணீர், குப்பை, பூச்சி மருந்து என்று மாதாமாதம் சேரும் சில்லறைக் கட்டணங்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதியில் காலி செய்தால் பல ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகையில் 85 சதவீதம் தண்டம். அதைக் கட்டினாலும், அடுத்த ஆள் வரும்வரை வாடகைப் பொறுப்பு உங்கள் தலையில்தான் என்று அடுத்த வரியில் இருக்கும். கையெழுத்துக்கு முன் இரண்டு வரியையும் படியுங்கள். காலி செய்யும்போது புதிய முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் டெபாசிட்டையோ கழிவுக் கணக்கையோ அவர்கள் அனுப்ப வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது.

மேற்குப் பார்த்த மேல்மாடி வீடு வாடகையில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். எடுக்காதீர்கள். மிச்சம் பிடித்ததை ஏசி சாப்பிட்டுவிடும். கூரையுள்ள கார் நிறுத்தம் கிடைத்தால் காசு கொடுத்தாவது வாங்கிவிடுங்கள், காரணம் பிறகு வருகிறது.

3. கரண்ட் இணைப்பு: சாவி வாங்கும் முன்

ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களில் ஒரே மின் நிறுவனம்தான், அது நகராட்சிக்குச் சொந்தம். பெயர் பதிந்தால் முடிந்தது. கூட்டுறவு மின் சங்கங்களின் பகுதியிலும் அப்படியே. டாலஸிலும் ஹூஸ்டனிலும் பெரும்பாலான இடங்களில் நீங்களே ஒரு விற்பனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பியும் மீட்டரும் டாலஸ் பக்கம் ஆன்கோருடையது, ஹூஸ்டன் பக்கம் சென்டர்பாயின்ட்டுடையது. பில் மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்தவரிடமிருந்து வரும். கரண்ட் போனால் கம்பிக்காரரிடம்தான் புகார் சொல்ல வேண்டும், பில் அனுப்புகிறவரிடம் சொல்லிப் பயனில்லை.

திட்டங்களை ஒப்பிட மாநில ஆணையமே நடத்தும் இலவச இணையதளம் பவர் டு சூஸ். இதே மாதிரிப் பெயரில் தனியார் தளங்களும் உண்டு, முகவரியைப் பார்த்துப் போங்கள். அங்கே விலை வாரியாக அடுக்கினால் மேலே வருபவை பெரும்பாலும் பொறிகள். எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு திட்டத்தில் யூனிட்டுக்கு 17 சென்ட், மாதம் 1000 யூனிட்டைத் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். சரியாக 1000 யூனிட் ஓடினால் 70 டாலர், யூனிட்டுக்கு 7 சென்ட். பட்டியலில் அந்த 7 சென்ட் பெரிதாகத் தெரியும். நீங்கள் 990 யூனிட் ஓட்டினால் பில் 168 டாலர். 2000 ஓட்டினால் 240 டாலர், யூனிட்டுக்கு 12 சென்ட். சிறிய அபார்ட்மென்டில் பல மாதங்கள் 1000-ஐத் தொடவே தொடாது. தனி வீட்டில் ஆகஸ்டில் 2000-ஐத் தாண்டிவிடும். அந்த மலிவு விலை நடைமுறையில் யாருக்குமே கிடைக்காது.

அதனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் கட்டாயமாக வெளியிடும் எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிளைத் திறந்து 500, 1000, 2000 யூனிட்டுக்கான மூன்று விலைகளையும் பாருங்கள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நேர்மையான திட்டம். "இரவில் இலவசம்" என்கிற திட்டங்களில் பகல் விலை எகிறும். மதியம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு அது ஆகாது.

ஒப்பந்தத்தை நிலையான விலையிலேயே போடுங்கள். முடியும் மாதம் ஜூலை, ஆகஸ்டில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அப்போது புதுப்பிக்கும் விலை பொதுவாக உச்சத்தில் இருக்கும். முடிவுத் தேதிக்கு முந்தைய 14 நாளில் தண்டம் இல்லாமல் மாறலாம். மறந்துவிட்டால் மாதத்துக்கு மாதம் மாறும் விலையில் தள்ளிவிடுவார்கள். ஃபோனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறிப் போனால், புது முகவரிக்கான ஆதாரம் காட்டினால், முன்கூட்டியே விலகும் தண்டம் கிடையாது.

கிரெடிட் இல்லாதவர்களிடம் டெபாசிட் கேட்பார்கள். முன்பணம் கட்டும் திட்டம் டெபாசிட் இல்லாமல் கிடைக்கும், ஆனால் விலை கூடுதல். முதல் சில மாதங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

4. காரும் லைசென்ஸும்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

வேறு மாநிலத்திலிருந்து காரோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. காரை 30 நாளுக்குள் பதிய வேண்டும், லைசென்ஸை 90 நாளுக்குள் மாற்ற வேண்டும். லைசென்ஸ் மாற்றப் போனால், உங்கள் பெயரில் உள்ள கார் டெக்சாஸில் பதிவாகியிருக்கும் ஆதாரத்தைக் கேட்பார்கள். அது இல்லாமல் லைசென்ஸ் கொடுக்கும் டிபிஎஸ் அலுவலகத்துக்குப் போனால் அப்பாயின்ட்மென்ட் வீண். எனவே:

முதலில் டெக்சாஸ் முகவரிக்குக் கார் காப்பீடு. அப்புறம் புகைச் சோதனை. பாதுகாப்புச் சோதனை 2025 ஜனவரியிலிருந்து சொந்தக் கார்களுக்கு இல்லை. ஆனால் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டினைச் சுற்றியுள்ள கவுண்டிகளில் பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனை தொடர்கிறது. மூன்றாவது, கவுண்டி வரி அலுவலகத்தில் பதிவு. 130-யு படிவம், பழைய மாநிலத்து டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) அல்லது பதிவுச் சான்று, காப்பீட்டு அட்டை, அடையாள அட்டை எடுத்துப் போங்கள். அடிப்படைப் பதிவுக் கட்டணம் 50.75 டாலர், புதிதாகக் குடிவந்தவருக்கான வரி 90 டாலர். டைட்டில், உள்ளூர்க் கட்டணங்கள் தனி. மின்சாரக் காருக்கு ஆண்டுதோறும் 200 டாலர் கூடுதல். நான்காவதாகத்தான் டிபிஎஸ்.

டிபிஎஸ் அப்பாயின்ட்மென்டை மட்டும் ஊருக்கு வந்த முதல் நாளே ஆன்லைனில் போட்டுவிடுங்கள். பெருநகர அலுவலகங்களில் தேதி வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் தள்ளிக் கிடைக்கும். ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போகும் தூரத்திலுள்ள சிற்றூர் அலுவலகத்தில் முன்னதாகவே கிடைக்கலாம். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் செல்லும்.

எடுத்துப்போக வேண்டியவை: பாஸ்போர்ட், விசாவும் நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94-உம், குடிவரவுத் துறையின் ஒப்புதல் கடிதமான ஐ-797 இருந்தால் அது, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) அட்டை, பழைய லைசென்ஸ், காப்பீடு, காரின் பதிவுச் சான்று, முகவரிக்கு இரண்டு ஆதாரம். வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் போதும். கணவன், மனைவி இருவருக்கும் லைசென்ஸ் வேண்டுமென்றால் இரண்டிலும் இருவர் பெயரும் இருக்கட்டும். கரண்ட் இணைப்பு ஒருவர் பெயரில், வங்கிக் கணக்கு ஒருவர் பெயரில், வாடகை ஒப்பந்தத்தில் இன்னொருவர் வெறும் குடியிருப்பவராக இருந்தால் கவுன்டரில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கட்டணம் 33 டாலர். விசாவில் உள்ளவர்களுக்குத் தங்கும் அனுமதி முடியும் நாளோடு லைசென்ஸும் முடியும், எட்டு ஆண்டு என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. வேறு மாநில லைசென்ஸைக் கொடுத்தால் தேர்வு இல்லை. இந்திய லைசென்ஸ் மட்டும் இருந்தால் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. ஓட்டும் தேர்வுக்கு முன் இம்பாக்ட் டெக்சாஸ் என்ற இலவச ஆன்லைன் வகுப்பை முடித்துச் சான்றிதழோடு போக வேண்டும். அந்தச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், ஆதலால் தேர்வுத் தேதி கிடைத்த பிறகு எடுங்கள்.

கார் காப்பீட்டில் சட்டப்படியான குறைந்தபட்சம் 30/60/25. எல்லாம் ஆயிரம் டாலர் கணக்கு, முதல் இரண்டும் எதிராளிகளின் காயத்துக்கு. கடைசி 25 என்பது எதிராளியின் சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர். இன்றைய விலையில் ஒரு புதுக் காரை இடித்தாலே அது போதாது. ஆலங்கட்டிக்காக காம்ப்ரிஹென்சிவ், காப்பீடில்லாத ஓட்டுநருக்கான பிரிவு இரண்டையும் விடாதீர்கள். பின்னதை எழுத்தில் வேண்டாம் என்றால்தான் நீக்க முடியும். மலிவு விலைக்காக உங்களிடம் அந்தக் கையெழுத்தை வாங்கப் பார்ப்பார்கள்.

டோல் சாலையில் வண்டி ஓடத் தொடங்கும் முன்பே, கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் டோல்டேக்கைக் காரில் ஒட்டிவிடுங்கள். டாலஸ் பக்கத்தில் டாலஸ் நார்த் டோல்வே, ஜார்ஜ் புஷ் டர்ன்பைக், சாம் ரேபர்ன் மூன்றையும் தொடாமல் வேலைக்குப் போவது சிரமம். டேக் இல்லையென்றால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து அதிக விலையில் பில் அனுப்புவார்கள். பழைய முகவரிக்கு அது போய், அபராதம் ஏறி, பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

5. வெயிலும் ஏசியும்

"சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாம்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் வருகிறோம். சென்னையில் வெயில் சதமடித்தால் செய்தி. டாலஸில் 2011-இல் 71 நாள் சதமடித்தது. ஆஸ்டினில் 2023-இல் தொடர்ந்து 45 நாள். சாயங்காலம் கடற்காற்று வராது, இரவு பத்து மணிக்கும் சுவர் அனல் கக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதென்றால் காலை எட்டரை மணிக்குள்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைப்பவர்கள் அக்டோபரிலோ மார்ச்சிலோ அழையுங்கள். கோடை விடுமுறை என்று ஜூனில் அழைத்தால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். நடந்துபோய்ப் பால் வாங்க முடியாது. ஃபிரிஸ்கோ போன்ற நகரங்கள் டாலஸின் டார்ட் போக்குவரத்து அமைப்பிலேயே இல்லை, ஆகவே கார் ஓட்டாத பெரியவர்களுக்கு உங்களை விட்டால் கதியில்லை.

ஏசியை மார்ச், ஏப்ரலிலேயே ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஜூலையில் கெட்டால் மெக்கானிக் வர நாளாகும். சோதிக்க எளிய வழி: காற்றை உள்ளிழுக்கும் இடத்திலும் குளிர்காற்று வெளிவரும் இடத்திலும் வெப்பமானி வையுங்கள். வித்தியாசம் 15 முதல் 20 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். இங்கே ஏசியின் உள் யூனிட் பெரும்பாலும் மேலே அட்டிக்கில் இருக்கும். அதிலிருந்து சொட்டும் தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்தால் கூரை நனையும், அல்லது பாதுகாப்பு ஸ்விட்ச் மொத்த ஏசியையும் நிறுத்திவிடும். "ஏசி செத்துவிட்டது" என்று பதறும் அழைப்புகளில் பல இந்த அடைப்புதான். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயில் ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். இரண்டுக்கும் ஆள் தேவையில்லை.

ஹோம் வாரன்டி என்று, வீட்டுச் சாதன ரிப்பேருக்கு ஆண்டுச் சந்தா விற்பார்கள். எங்களுக்கு வாய்த்த ஒரு நிறுவனம் நடுக்கோடையில் ஆள் அனுப்பாமல் இழுத்தடித்தது, கடைசியில் வெளி ஆளை வைத்துத்தான் சரிசெய்தோம். அந்தச் சந்தாப் பணத்தைத் தனியே சேர்த்து வைப்பது மேல் என்பது என் கட்சி.

6. வீடு வாங்கும்போது

பிடித்த வீட்டின் முகவரியை, வரிக்காக வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எந்தெந்த அமைப்பு எவ்வளவு வரி விதிக்கிறது என்று வரும். அங்கே மட் என்று ஒரு வரி இருந்தால், அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர், சாக்கடை போட மட் என்ற உள்ளூர் அமைப்பு வாங்கிய கடனை நீங்கள் அடைக்கிறீர்கள் என்று அர்த்தம். பிட் என்பது பொது வசதிகளுக்கான இன்னொரு வகை, பல ஆண்டுகளுக்குப் பாக்கி ஓடும். கையெழுத்துக்கு முன்பே இரண்டையும் விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கட்டணம் இதற்கு மேல்.

விற்பவர் கட்டிய வரியைப் பார்த்து "இவ்வளவுதான்" என்று முடிவுகட்டாதீர்கள். சொந்தமாகக் குடியிருப்பவருக்கு வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாத வரம்பு உண்டு. 65 வயது தாண்டியவருக்குப் பள்ளி வரி உறைந்துவிடும். வீடு கைமாறியதும் இந்தச் சலுகைகள் போய்விடும், உங்களுக்கு முழு மதிப்பில் புதிதாகத் தொடங்கும்.

புது வீட்டில் இதைவிடப் பெரிய அடி காத்திருக்கிறது. ஜனவரி 1-இல் எது இருந்ததோ அதற்குத்தான் அந்த ஆண்டு வரி. அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் பில் மனைக்கு மட்டும் வரும். வங்கி அதை வைத்து எஸ்க்ரோ (வரிக்காகவும் காப்பீட்டுக்காகவும் மாதத் தவணையோடு பிடித்துவைக்கும் பணம்) கணக்குப் போட்டால் மாதத் தவணை குறைவாகத் தெரியும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் பில் வந்ததும், பற்றாக்குறையையும் சேர்த்து மாதத் தவணை பல நூறு டாலர் எகிறும். கடன் வாங்கும்போதே முழு வீட்டு மதிப்பில் எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த வித்தியாசத்தை மாதாமாதம் சேமிப்பில் போடுங்கள்.

பழைய வீட்டுக்கு ஆப்ஷன் பீரியட் உண்டு. சிறு தொகை கட்டினால் பேசிக்கொண்ட நாளுக்குள், பெரும்பாலும் 5 முதல் 10 நாள், காரணம் சொல்லாமல் விலகலாம். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும், கடைசி நாள் மாலை 5 மணியோடு முடியும். இன்ஸ்பெக்‌ஷன், காப்பீட்டு விலை விசாரிப்பு, வெள்ள வரைபடம் எல்லாம் இந்த நாட்களுக்குள். பில்டரின் சொந்த ஒப்பந்தத்தில் பொதுவாக இது இருக்காது. அவருடைய விற்பனை அலுவலகத்தில் சிரித்துப் பேசுகிறவர் அவருடைய ஆள், உங்கள் ஆள் இல்லை. புது வீடாக இருந்தாலும் சொந்தச் செலவில் இன்ஸ்பெக்டர் வையுங்கள்: அடித்தளம் போடும் முன், சுவர் மூடும் முன், ஒப்படைக்கும் முன், ஓராண்டு வாரன்டி முடிவதற்குச் சற்று முன்.

அப்புறம் மண். டாலஸிலிருந்து ஆஸ்டின், சான் அன்டோனியோ வரை ஓடுவது நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்ற மண்தான். மழையில் ஊதும், கோடையில் பிளக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் தளம் ஒரு பக்கம் இறங்கினால் கதவு மூலைகளில் சாய்வாக விரிசல் ஓடும், கதவு சாத்தாது. வீடு பார்க்கும்போது எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ரிப்பேர் கம்பெனியைக் கூப்பிடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சில நூறு டாலரில் பக்கச்சார்பில்லாத அறிக்கை கிடைக்கும். மண் இறங்குவதால் வரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்காது. வாங்கிய பிறகு கோடையில் அடித்தளத்திலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிலும் கசிவுக் குழாய் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று ஊரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு. வீட்டுக் காப்பீட்டில் அது சேராது. மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ஏஇ (வெள்ள ஆபத்து அதிகமுள்ள மண்டலம்) என்று வந்தால் வங்கியே கட்டாயப்படுத்தும். எக்ஸ் என்று வந்தால் ஆபத்தே இல்லை என்று பொருளில்லை, 2017-இல் ஹார்வி புயலில் ஹூஸ்டனில் மூழ்கிய பல வீடுகள் வெள்ள மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. மத்திய அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரைதான். பொதுவாக வாங்கிய 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். டிவியில் புயல் தெரிந்த பிறகு வாங்கிப் பயனில்லை.

7. வீட்டுக் காப்பீடும் ஆலங்கட்டியும்

மார்ச் முதல் ஜூன் வரை கோல்ஃப் பந்து அளவில் ஆலங்கட்டி விழும். டெக்சாஸ் காப்பீட்டு விலை இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இதுவும் பெரிய காரணம். விலையைப் பார்க்கும் முன் இரண்டு வரிகளைத் தேடுங்கள்.

ஒன்று, காற்று மற்றும் ஆலங்கட்டி டிடக்டிபிள். இது பெரும்பாலும் டாலரில் இருக்காது, சதவீதத்தில் இருக்கும். வீட்டை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்து 2 சதவீதம் என்றிருந்தால் கூரை மாற்ற முதல் 10,000 டாலர் உங்கள் பையிலிருந்து. இரண்டு, கூரைக்கு மாற்று மதிப்பா, தேய்மானம் கழித்த மதிப்பா என்பது. பத்து வயது தாண்டிய கூரைக்குப் பல நிறுவனங்கள் இரண்டாவதைத்தான் கொடுக்கின்றன. கூரை மாற்றும்போது ஆலங்கட்டியைத் தாங்கும் கிளாஸ் 4 ஓடு போட்டால் பிரீமியம் குறையும். எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை விட்ட மறுநாள் கூரை வேலைக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். "டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், 2019 முதல் அது இங்கே சட்டவிரோதம். காப்பீட்டு ஆள் வந்து பார்க்கும் முன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

8. பள்ளி, அலர்ஜி, சைரன்

செப்டம்பர் 1-க்குள் 5 வயது முடிந்தால் கிண்டர்கார்டன். இந்தியாவிலிருந்து நேரே வரும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் ஏ, சின்னம்மைக்கான வேரிசெல்லா ஆகிய இரண்டு தடுப்பூசிகளும் விடுபட்டிருக்கலாம், நம் அரசுப் பட்டியலில் அவை இல்லை. ஊரிலேயே போட்டு ஆங்கிலத்தில் சான்று வாங்கி வாருங்கள். வேகமாக வளரும் புறநகரில் "இந்த வீட்டுக்கு இந்தப் பள்ளி" என்பது நிரந்தரமில்லை. பள்ளி நிரம்பினால் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள், எல்லையை மாற்றி வரைவார்கள். வீட்டுத் தரகர் சொல்வதை விட்டுவிட்டு ஐஎஸ்டி எனப்படும் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆஸ்டின் பக்கம் டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை சீடர் மரத்தின் மகரந்தம். காய்ச்சல் மாதிரியே உடம்பை முறிக்கும். முதல் ஆண்டு தப்பிப்பவர்களுக்கும் அடுத்தடுத்த ஆண்டில் வரலாம்.

டாலஸ் நகரில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் டோர்னாடோ எச்சரிக்கைச் சைரன் ஊதினால் சோதனை. மற்ற நேரத்தில் ஊதினால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போங்கள். இங்கே வீடுகளுக்கு நிலவறை இருப்பது அரிது. 2021 பிப்ரவரிப் பனியில் மாநிலம் முழுக்க 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கரண்ட் போனது, உறைந்த குழாய்கள் வெடித்தன. தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே என்று குடிபுகுந்த வாரமே கண்டுபிடித்து வையுங்கள்.

9. ஹோம்ஸ்டெட்டும் புரொடெஸ்டும்: ஆண்டுதோறும் பணம் மிச்சமாகும் இடம்

வீடு வாங்கிக் குடிபுகுந்ததும் லைசென்ஸில் முகவரியை மாற்றுங்கள். ஆன்லைனில் 11 டாலர், 30 நாளுக்குள் மாற்றியாக வேண்டும். லைசென்ஸ் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருந்தால்தான், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை கிடைக்கும். அதன்பின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் 50-114 படிவம். கிரீன் கார்டு தேவையில்லை, சொந்தமாக வாங்கிக் குடியிருந்தால் போதும். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு பள்ளி வரிக்கு வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். பள்ளி விகிதம் 1 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,400 டாலர் மிச்சம். 10 சதவீத வரம்பும் இதை வைத்துத்தான் அடுத்த ஆண்டிலிருந்து அமலாகும். கெடு ஏப்ரல் 30. தவறினாலும் இரண்டு ஆண்டு வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம்.

விண்ணப்பம் முற்றிலும் இலவசம். வீடு பதிவானதும் அரசு முத்திரை மாதிரி அச்சடித்து, பணம் கட்டச் சொல்லிக் கடிதங்கள் வரும். குப்பைக்கூடைக்கு அனுப்புங்கள்.

ஏப்ரலில் புதிய மதிப்பு நோட்டீஸ் வரும். மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தையதோ அதற்குள், அந்த மதிப்பை எதிர்த்துப் புரொடெஸ்ட் (ஆட்சேபம்) போடுங்கள். ஆன்லைனில் பத்து நிமிட வேலை. சந்தை மதிப்பு அதிகம், மற்ற வீடுகளோடு சமமில்லை என்ற இரண்டு காரணங்களையும் டிக் செய்யுங்கள். அவர்களுடைய ஆதாரத் தொகுப்பையும் கேளுங்கள், விசாரணைக்கு 14 நாள் முன்னால் தர வேண்டும். அதில் அவர்கள் காட்டும் வீடுகளில் பெரியதும் புதியதும் கலந்திருக்கும், அதைச் சுட்டிக்காட்டுவதே பாதி வாதம்.

டெக்சாஸில் விற்பனை விலை பொதுப் பதிவில் வராது. அதனால் ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். சமீபத்தில் அவர்கள் போட்ட மதிப்பைவிடக் குறைவாக நீங்கள் வாங்கியிருந்தால், வாங்கியபோது கிடைத்த கணக்குச் சீட்டான குளோசிங் ஸ்டேட்மென்ட் ஒன்றே போதும். இல்லையென்றால், ஜனவரி 1-ஐ ஒட்டி அதே பகுதியில் விற்ற வீடுகளின் பட்டியலை, உங்களுக்கு வீடு வாங்கித் தந்த ஏஜென்டிடம் கேளுங்கள். விரிசல், பழைய கூரை, ஏசி இவற்றின் படங்களையும் ரிப்பேர் மதிப்பீடுகளையும் சேருங்கள். முதலில் ஆன்லைனிலோ ஃபோனிலோ ஒரு சமரசத் தொகை வரும். நியாயமாக இருந்தால் ஏற்கலாம், ஏற்றால் அந்த ஆண்டுக்கு அதோடு முடிந்தது. இல்லையென்றால் ஆட்சேபங்களை விசாரிக்கும் ஏஆர்பி குழு முன் கால் மணி நேரம் பேச வேண்டும். "வரி கட்ட முடியவில்லை" என்று அங்கே சொல்லாதீர்கள். வரி விகிதம் அவர்கள் கையில் இல்லை, வீட்டின் மதிப்பை மட்டும் பேசுங்கள். நேரமில்லாதவர்கள் மிச்சத்தில் பங்கு வாங்கும் நிறுவனங்களிடம் விடலாம். பங்கு விகிதத்தையும், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்பதையும் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

அக்டோபர் வாக்கில் வரி பில் வரும். ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். பிப்ரவரி 1 ஆனால் அபராதமும் வட்டியும் சேர்ந்து 7 சதவீதம். வங்கி எஸ்க்ரோவிலிருந்து கட்டுவதாக இருந்தாலும் டிசம்பர் கடைசியில் கவுண்டி தளத்தில் "செலுத்தப்பட்டது" என்று வந்துவிட்டதா பாருங்கள். கடன் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் கைமாறிய ஆண்டில் கட்டாயம் பாருங்கள். புரொடெஸ்டில் மதிப்பு குறைந்திருந்தால் எஸ்க்ரோவை மறுபடி கணக்கிடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். கேட்காவிட்டால் அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பு வரை பழைய தவணையையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.